யாருடைய ஆயுளுக்கு இந்தக் கரண்டி?



கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருப்பவர்களும், பிள்ளையைக் காலையில் ஸ்கூல் வேனில் ஏற்றி விடுபவர்களும் தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு கொமன்டில் சண்டைக்கு வர வேண்டாம்.

நம்ம பக்கம் மெயின் ரோட்டில் கராஜ்களுக்கு முன்னால் கொஞ்ச காலமாக ஒரு பேனர் தொங்குகிறது. "பிரேக் பேட் - லைஃப் டைம் வொரண்டி." ஒரு கடையில் தொடங்கியது. அவருக்கு வியாபாரம் ஓடுவதைப் பார்த்து அடுத்த கடையும் அடித்தது. இப்போது பேஸ்புக்கிலும் காசு கட்டி விளம்பரம் வருகிறது. நம்ம ஆட்களே அதை ஷெயார் பண்ணி "மாஷா அல்லாஹ், நல்ல ஓஃபர்" என்று எழுதுகிறார்கள். இன்பொக்ஸில் மூன்று பேர் என்னிடமே கேட்டுவிட்டார்கள், "சேர், இது போடலாமா?" என்று.

தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வாசகம் ஒரு ஏமாற்று. கடைக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் என்னிடம் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு சொல்லைப் பிரேக் பேட் மேல் எழுதுவது, வாங்குகிறவர் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும், கொடுக்கிறவர் வேறொன்றைக் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே எழுதப்படுவது.

நம்ம ஊரில் வொரண்டி என்றும் சொல்வோம், கரண்டி என்றும் சொல்வோம். சோற்றுக் கரண்டிக்கும் அதே பெயர்தான். இரண்டில் எது கையில் இருக்கிறது என்று பார்த்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

முதல் கேள்வி. ஆயுட்காலம் என்றால் யாருடைய ஆயுள்? உங்களுடையதா? வாகனத்தினுடையதா? நீங்கள் அந்த வாகனத்தை விற்கும் வரைக்குமா? பேட் தேய்ந்து முடியும் வரைக்குமா? அந்தக் கடை திறந்திருக்கும் வரைக்குமா? ஐந்துக்கும் ஐந்து வேறு அர்த்தம். பேனரில் ஒன்றுமே இல்லை. நான் பார்த்த ஒரு கார்டின் பின்பக்கத்தில், கண்ணாடி போட்டும் வாசிக்கக் கஷ்டமான எழுத்தில், முழுக்க ஆங்கிலத்தில் பதினொரு நிபந்தனை இருந்தது. தமிழ் பேசும் ஊரில், தமிழ் பேசும் முதலாளி, தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த டிரைவருக்குக் கொடுத்த கார்ட் அது. பேனர் மட்டும் நல்ல பெரிய தமிழில்.

நான் படிப்பிப்பது விஞ்ஞானம். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் எடுக்கத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரேக் என்பது என்ன? ஓடுகிற வாகனத்தின் இயக்க சக்தியை வெப்பமாக மாற்றுகிற சாமான். 1,200 கிலோ காரொன்று மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். அதை முழுசாக நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 1 இலட்சத்து 67 ஆயிரம் யூல் சக்தி வெப்பமாக வெளியேற வேண்டும். அரை லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர இது தாராளமாகப் போதும். ஒரே ஒரு தடவை பிரேக் அடிப்பதற்கு இது. வேகம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்கு. அந்த வெப்பம் முழுவதும் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று உரசுகிற இடத்தில்தான் பிறக்கிறது.

உரசினால் தேயும். தேய்வதற்காகவே செய்யப்பட்ட சாமான் அது. புதிய பேட்டில் இரும்புத் தகட்டுக்கு மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பகுதி சாதாரணக் காருக்கு 10 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். அது 3 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். இடையில் உள்ள ஏழு மில்லிமீற்றர்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது. பென்சிலுக்கு ஆயுட்கால உத்தரவாதம் என்று ஒருவர் கடை போட்டால் நம்ம தரம் ஆறு பிள்ளையே சிரிக்கும்.

தேயாத பேட் ஒன்றைச் செய்ய முடியாதா என்று கேட்கலாம். கடினமாகச் செய்யலாம். இரும்புத்தூள் கூடச் சேர்த்த பேட் மெதுவாகத் தேயும்தான். அப்படி மெதுவாகத் தேய்கிற பேட் எதைத் தேய்க்கும்? டிஸ்க்கை. பேட்டை விட டிஸ்க் விலை கூடியது. சத்தமும் கூட வரும், ரிம் முழுக்கக் கறுப்புத் தூள் படியும். கம்பனி போட்டு அனுப்பிய பேட் சத்தம் குறைந்து, டிஸ்க்கைக் காப்பாற்றி, தான் தேய்ந்து போவது குறையல்ல. அப்படித்தான் அது தன் வேலையைச் செய்கிறது.

சரி, அப்படியென்றால் கடைக்காரர் எப்படித் தாங்குகிறார்? இலவசமாகப் பேட் கொடுத்துக்கொண்டே இருந்தால் அவர் கடையை மூட வேண்டாமா?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தப் பதினொரு நிபந்தனையையும் உட்கார்ந்து வாசித்தேன். முழுவதையும் எழுதினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள், சாரத்தைச் சொல்கிறேன். இலவசம் பேட்டுக்கு மட்டும், கழற்றிப் பூட்டும் கூலி உங்களுடையது. ஒவ்வொரு தடவை பேட் மாற்றும்போதும் டிஸ்க்கை அதே கடையில் லேத்தில் கடைய வேண்டும் அல்லது புதிதாகப் போட வேண்டும், இல்லையென்றால் வொரண்டி முடிந்தது. கலிப்பர் சேர்விஸும் பிரேக் ஒயில் மாற்றுவதும் அங்கேயேதான். இடையில் வேறு எந்தக் கராஜிலும் அந்தச் சில்லைக் கழற்றியிருக்கக் கூடாது. முதல் பில்லும் கார்டும் இரண்டும் வேண்டும். வாகனம் கைமாறினால் செல்லாது. ஹயருக்கு ஓடினால் செல்லாது.

எனக்குப் பிடித்த நிபந்தனை இது: பேட் 2 மில்லிமீற்றருக்குக் கீழே போயிருந்தால்தான் மாற்றித் தருவார்கள். ஆனால் இரும்பு டிஸ்க்கைத் தொட்டிருந்தால் "பாவனையாளரின் கவனக்குறைவு", தரமாட்டார்கள். அதாவது இரண்டு மில்லிமீற்றருக்கும் பூச்சியத்துக்கும் நடுவில் ஒரு இடுக்கு இருக்கிறது. அந்த இடுக்குக்குள் நீங்கள் சரியாகப் போய் நிற்க வேண்டும். இரண்டுக்கு மேலே போனால் "இன்னும் இருக்கே தம்பி, பிறகு வாங்க". தாண்டிப் போனால் "ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

பாதுகாப்புக்கு 3 மில்லிமீற்றரில் மாற்று என்று பொறியியல் சொல்கிறது. காசு மிச்சம் பிடிக்க 2க்குக் கீழே வரைக்கும் ஓடு என்று கார்ட் சொல்கிறது. ஒரு பிரேக் உத்தரவாதம் ஆளைக் குறைந்த பிரேக்கோடு ஓட வைக்கிறது. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இனிக் கணக்கு. விலை கடைக்குக் கடை, வாகனத்துக்கு வாகனம் மாறும். கணக்கு விளங்குவதற்காக ஒரு தொகையை வைத்துப் பார்ப்போம். சாதாரண நல்ல பேட் செட் 9,000 ரூபா, கூலி 3,000. மொத்தம் 12,000. லைஃப் டைம் கடையில் அதே தரப் பேட் 13,000, கூலி 3,000. மொத்தம் 16,000. பரவாயில்லை, அடுத்த தடவை இலவசம்தானே என்று சந்தோஷமாகக் கொடுக்கிறீர்கள். அடுத்த தடவை போகிறீர்கள். பேட் இலவசம். கூலி 3,000. டிஸ்க் கடைய 5,000. கலிப்பர் சேர்விஸும் ஒயிலும் 4,000. கூட்டுங்கள். 12,000. இலவசப் பேட்டின் விலை, காசு கொடுத்துப் போடும் பேட்டின் விலைதான். முதல் தடவை கூடக் கொடுத்த 4,000 அப்படியே போனது.

இன்னொரு சேதாரமும் உண்டு. டிஸ்க்கைக் கடைகிற ஒவ்வொரு தடவையும் அதன் தடிப்பு குறைகிறது. பெரும்பாலான டிஸ்க்கில் ஆகக் குறைந்தது எத்தனை மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்று பொறித்தே வருகிறது. அதற்குக் கீழே போனால் வெப்பத்தைத் தாங்காது, வளையும், வெடிக்கவும் கூடும். தேவையில்லாமல் இரண்டு மூன்று தடவை கடைந்தால் புது டிஸ்க் வாங்க வேண்டி வரும். அதையும் அதே கடையில்தான் வாங்க வேண்டும், நிபந்தனை அப்படி. பெடலை மிதிக்கும்போது உதறல் இருந்தால், டிஸ்க்கில் ஆழமான கோடு விழுந்திருந்தால் கடைவது நியாயம். ஒன்றும் இல்லாத டிஸ்க்கையும் "வொரண்டி நிபந்தனை சேர்" என்று கழற்றுவது வியாபாரம்.

இதோடு, கார்டைத் தொலைப்பவர்கள், வாகனத்தை விற்பவர்கள், வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் எல்லோரையும் கழித்துப் பாருங்கள். இரண்டாவது பேட்டுக்குத் திரும்பி வருகிறவர் எத்தனை பேர்? ஹைபிரிட் வாகனமென்றால் இன்னும் வசதி. ப்ரியஸ், அக்வா போன்றவற்றில் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டரே பாதி வேலையைச் செய்து பெற்றரிக்கு சார்ஜ் ஏற்றுகிறது. அதனால் பேட் இயல்பாகவே நீண்ட காலம் வரும். தானாக நெடுநாள் வருகிற பேட்டுக்கு லைஃப் டைம் என்று எழுதிக் கூடக் காசு வாங்குவதற்குக் கஷ்டமா என்ன?

இது நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மைடஸ் என்ற கம்பனி 1956இல் ஜோர்ஜியா மாநிலத்தில் மேக்கன் நகரத்தில் முதல் சைலன்சர் கடையைத் திறந்து, ஆயுட்கால உத்தரவாதம் என்ற விளம்பரத்தாலேயே நாடு முழுக்கப் பரவியது. சைலன்சர் தேய்கிற சாமான் இல்லை, துருப்பிடிக்கிற சாமான். அதில் இந்தப் பேச்சுக்கு ஓரளவு அர்த்தமாவது இருந்தது. பிறகு அதே பேச்சு அங்கே பிரேக் பேட்டுக்கும் வந்தது. பேட் இலவசம், கூலியும் மற்றதும் உங்கள் பக்கம் என்கிற ஏற்பாடும் அங்கே பழசு. அங்கே கடைசியில் அரசாங்கத்தின் வர்த்தக ஆணைக்குழு தலையிட்டு விளம்பர வழிகாட்டி ஒன்றை வைத்தது. "லைஃப் டைம்" என்று விளம்பரம் பண்ணினால் அது எதனுடைய ஆயுள் என்பதையும் வாங்குகிறவர் கண்ணில் படும்படி, விளங்கும்படி சொல்ல வேண்டும். வாகனம் ஓடும் வரைக்குமா, நீங்கள் அதை வைத்திருக்கும் வரைக்குமா என்று. நான் மேலே கேட்ட கேள்விதான். அங்கே அது கடைக்காரன் பதில் சொல்லித் தீர வேண்டிய கேள்வி. இங்கே கேட்டால் "என்ன சேர், நம்பிக்கை இல்லையா?"

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் செயலையும் பொய்யான எடுத்துரைப்பையும் அது தடை செய்கிறது. அதை விட முக்கியம் 32ஆம் பிரிவு. வியாபாரி ஒருவர் சேவை வழங்கினால், உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வேன், பாவிக்கும் பொருள் அந்த வேலைக்குப் பொருத்தமானதாக இருக்கும் என்ற உத்தரவாதம் அதில் தானாகவே அடங்கியிருக்கிறது. பேனர் வேண்டாம், கார்ட் வேண்டாம், 4,000 ரூபா கூடவும் கொடுக்க வேண்டாம். பூட்டிய பேட் ஒரு மாதத்தில் கழன்றால், தகட்டிலிருந்து உரிந்தால், பிழையான சைஸ் பேட்டைப் போட்டிருந்தால் அது கடைக்காரரின் பொறுப்பு. சட்டம் உங்களுக்குச் சும்மா தந்ததை ஒரு கார்டில் அடித்து உங்களுக்கே விற்கிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதிகார சபைக்கு முறைப்பாடு செய்வதென்றால் பொருளை வாங்கி அல்லது சேவையைப் பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் செய்ய வேண்டும். ஆயுட்கால உத்தரவாதத்தில் கடைக்காரர் எப்போது கைவிரிப்பார்? முதல் மூன்று மாதத்திலா? பேட் தேய இரண்டு வருஷம் ஆகும். அப்போது நீங்கள் போய் நின்று, அவர் பதினொராம் நிபந்தனையைக் காட்டும்போது, கூப்பிட ஆள் இல்லை. 1977க்கு அழைத்தால் முதலில் பில் திகதியைத்தான் கேட்பார்கள்.

ஸ்கூல் வேன் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுதியதே இதனால்தான்.

நம்ம பாடசாலைக்குப் பிள்ளைகள் ஏற்றி வருகிற காக்கா ஒருவர். பெயர் வேண்டாம், நல்ல மனிசன், பிள்ளைகள் இறங்கி ரோட்டைக் கடந்து கேற்றுக்குள் போகும் வரைக்கும் வேனை எடுக்க மாட்டார். போன தவணையில் ஒரு நாள் வேன் கேற்றுக்கு முன்னால் நிற்கும்போது கிறீச்சென்று ஒரு சத்தம். இரும்பு இரும்பில் உரசுகிற சத்தம். போய்க் கேட்டேன்.

"ரெண்டு கிழமையாக் கேட்டுத்தான் இரிக்கி சேர். லைஃப் டைம் கார்ட் இரிக்கி. லீவுக்குப் போய் ஃப்ரீயா மாத்துவம் எண்டு இருக்கன்."

கார்டை லெமினேட் பண்ணி டேஷ்போர்டில் வைத்திருந்தார். பூட்டிய கடை கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர் தூரம். பாடசாலை நாளில் காலையும் பகலும் ஓட்டம், அவ்வளவு தூரம் போய்க் காத்திருக்க முடியாது. வீட்டுக்குப் பக்கத்தில் மாற்றினால் வொரண்டி போய்விடும். அதனால் இரண்டு கிழமை பதினான்கு பிள்ளைகளோடு அந்தச் சத்தத்தையும் ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறார். கடைசியில் என் கரைச்சல் தாங்காமல் அடுத்த நாள் பாதி ஓட்டத்தை மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போனார். கடையில் கார்டைப் பார்த்துவிட்டு இரண்டு பதில். ஒன்று, இரும்பு தொட்டுவிட்டது. இரண்டு, ஸ்கூல் வேன் ஹயர் வாகனம், ஹயருக்கு வொரண்டியே இல்லை. இது பூட்டும்போது தெரியாதா? வேனின் பின் கண்ணாடியில் "பாடசாலைச் சேவை" என்று எழுதியிருந்ததே! அப்போது காசை வாங்கும்போது அது ஹயர் வாகனமாகத் தெரியவில்லை.

டிஸ்க் இரண்டும் போய்விட்டது. அந்த மாதம் அவருக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை.

அவர் சோம்பேறி என்றோ பொறுப்பில்லாதவர் என்றோ கொமன்டில் எழுத வேண்டாம். பேட்டின் உள்ளே சிறிய தகடொன்று வைத்திருப்பார்கள், தேய்ந்தால் டிஸ்க்கில் பட்டுச் சத்தம் போட்டு ஆளை எழுப்புவதற்கு. அந்தத் தகடு இரண்டு கிழமை கத்தியது. கார்ட் அவரிடம் "பொறு, இலவசம்" என்றது. எந்த வாகனம் அதிகமாகப் பிரேக் அடிக்கிறது? வீட்டுக்கு வீடு, ஒழுங்கைக்கு ஒழுங்கை நிற்கிற ஸ்கூல் வேன்தான். எந்த வாகனத்தில் நம்ம பிள்ளைகள் இருக்கிறார்கள்? அதற்குத்தான் உத்தரவாதம் இல்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் எடுக்கிற காருக்கு இருக்கிறது.

நிலைமையையும் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டது, ஸ்பெயார் பார்ட்ஸ் விலை கூடவே ஏறியது. அதனால் நம்ம ரோட்டில் ஓடுகிற வாகனங்களில் கணிசமானவை வயசானவை, சொந்தக்காரர்கள் கைக்காசு இல்லாதவர்கள். "இனிமேல் செலவு இல்லை" என்று ஒருவன் சொன்னால் காது அங்கே போகத்தான் செய்யும். அந்த ஆசையைப் பார்த்துத்தான் பேனர் அடிக்கிறார்கள்.

"நம்ம பிள்ளைகள்ட தொழிலைக் கெடுக்காதீங்க சேர்" என்று ஒரு கொமன்ட் வரும், எனக்குத் தெரியும். பதிலை இப்போதே எழுதிவிடுகிறேன். இந்த பேனரால் முதலில் தொழில் கெடுவது நம்ம பிள்ளைகளில் நேர்மையானவர்களுக்குத்தான். எங்கள் ஒழுங்கையில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கும் பாஸ் ஒருவர். சில்லைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இன்னும் அஞ்சு மில்லி இரிக்கி, நோன்பு முடிஞ்சு வாங்க" என்று திருப்பி அனுப்புவார். அந்த நாள் அவருக்கு ஒரு சதமும் இல்லை. கலிப்பர் பின்னைக் கழற்றித் துடைத்து கிறீஸ் வைப்பார், ஏனென்றால் கடற்கரை ஊர், உப்புக்காற்றில் அந்தப் பின் இறுகினால் உள்பக்கப் பேட் மட்டும் தேய்ந்து போகும், வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. பில்லில் கையால் எழுதுவார்: இன்ன பேட், இத்தனை கிலோமீற்றரில் போட்டது, மூன்று மாதத்துக்குள் சத்தமோ உரிவோ வந்தால் பேட்டும் கூலியும் என்னுடையது. மூன்று மாதம்தான். ஆனால் அதில் ஒரு நிபந்தனையும் இல்லை. அவருடைய கஸ்டமர்கள் இப்போது "அவர் மூணு மாசம்தான் தாறார், அங்க லைஃப் டைம்" என்று மெயின் ரோட்டுக்குப் போகிறார்கள். பொய் சொல்லாததற்கு அவர் கட்டுகிற அபராதம் அது.

வாங்குவது என்ன, எவ்வளவு, எந்தக் காலத்துக்கு என்பது இரு தரப்புக்கும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது வியாபாரத்தின் அரிச்சுவடி. இதை நம்ம முதலாளிமாருக்கு நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஓதிய இடத்திலேயே "கரர்" என்ற சொல்லைக் கேட்டிருப்பார்கள். தெளிவில்லாத காலத்தை விற்பது எதில் சேரும் என்று அவர்களே ஆலிம்களிடம் கேட்கட்டும். நான் பத்வா கொடுக்க வரவில்லை.

இன்னொரு வாதமும் கேட்டேன்: "அப்படியாவது ஆள் அடிக்கடி கராஜுக்கு வந்து பிரேக்கைக் காட்டுகிறானே, அது நல்லதுதானே?" கார்ட் வைத்திருக்கிற நாலைந்து பேரைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் காட்டவில்லை. "அது லைஃப் டைம் தானே" என்கிறார்கள். கார்ட் இருந்தால் பேட் தேயாது என்ற மாதிரி ஒரு எண்ணம் மனதில் குடியேறிவிடுகிறது. நம்ம காருக்கு வருஷா வருஷம் எடுக்கிற புகைப் பரிசோதனையில் புகையைத்தான் பார்க்கிறார்கள், பிரேக்கை அல்ல. ஆக யாருமே பார்ப்பதில்லை. அந்தக் காரில்தான் லீவுக்குக் குடும்பத்தோடு மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகிறோம். போகும்போது ஏற்றம், தெரியாது. திரும்பி வரும்போது பதினெட்டு வளைவில் இறங்க வேண்டும். பேட் நல்லதாக இருந்தாலே அங்கே சின்னக் கியரில் இறங்காமல் காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் சூட்டில் பிடி தளரும். ஒரு மில்லிமீற்றர் பேட்டோடு இறங்குவதை நினைத்துப் பாருங்கள். அந்த வளைவில் கார்டைக் காட்டினால் வாகனம் நிற்குமா?

போடலாமா என்று கேட்டவர்களுக்கு என் பதில். பேட் நல்ல கம்பனிப் பேட்டாக இருந்து, விலை மற்றக் கடை விலையாகவே இருந்தால் போடுங்கள், கார்டைக் குப்பையில் போடுங்கள். லைஃப் டைம் என்பதற்காக ஒரு ரூபா கூடக் கேட்டாலும் எழும்பி வந்துவிடுங்கள். இல்லை, எனக்கு அந்த வொரண்டிதான் வேண்டும் என்றால் காசு கொடுக்கும் முன் முதலாளியிடம் கேளுங்கள்: யாருடைய ஆயுள், கூலி யாருடையது, எத்தனை மில்லிமீற்றரில் மாற்றுவீர்கள், டிஸ்க் கடைவது கட்டாயமா, என் வாகனம் ஹயருக்கு ஓடுகிறது, செல்லுமா? பதிலைத் தமிழில் பில்லின் பின்னால் எழுதி சீல் அடித்துத் தரச் சொல்லுங்கள். பில் கேட்டால் கொடுப்பது சட்டப்படி அவர் கடமை. எழுதித் தருகிறவரிடம் போடுங்கள். பெரும்பாலும் எழுத மாட்டார்கள், அப்போது உங்களுக்கே விளங்கிவிடும்.

பழைய பேட்டைக் கையில் கேட்டு வாங்குங்கள். உள்பக்கப் பேட்டையும் வெளிப்பக்கப் பேட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று தடிப்பாகவும் ஒன்று தகடாகவும் இருந்தால் புதுப் பேட் போட்டும் பிரச்சினை தீராது, பின் இறுகியிருக்கிறது. இதைப் பார்க்காமல் பேட்டை மட்டும் மாற்றுகிற கடை எந்த வொரண்டி தந்தாலும் வேண்டாம்.

த்ரீவீல் தம்பிமாருக்கு: உங்களுடையது டிரம் பிரேக், இந்த பேனர் உங்களுக்கு இல்லை. ஆனால் லைனரைக் கழற்றிப் பார்த்து எத்தனை மாதம்?

கடைசியாக ஒரு வேலை. வருகிற பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நான் ஒரு யோசனை வைக்கப் போகிறேன். ஸ்கூல் வேன் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தவணைக்கு ஒரு தடவை, நான்கு சில்லையும் கழற்றி அளந்த மில்லிமீற்றரை எழுதிய பில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். அளப்பதற்கு ஆகும் கூலியைச் சங்கம் கொடுக்கட்டும். ஒரு வேனுக்குப் பிள்ளைக்கு நூறு ரூபா வீதம் சேர்த்தாலே போதும், டிரைவர் தலையில் கட்ட வேண்டாம். பேட் குறைந்திருந்தால் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள எந்தக் கராஜிலும் அன்றே மாற்றட்டும், எந்தக் கார்டையும் பார்க்க வேண்டாம். கைக்காசு இல்லாதவருக்குச் சங்கம் முன்பணம் கொடுத்து மாதாமாதம் கழிக்கலாம். எங்கள் ஒழுங்கைப் பாஸ், அளக்கும் வேலையை சனிக்கிழமை காலையில் பாடசாலை மைதானத்துக்கே வந்து செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெற்றோர் கூட்டத்துக்கு வந்து கையை உயர்த்தினால் போதும். வராமல் வாட்ஸ்அப் குரூப்பில் தம்ஸ்அப் போடுவது கணக்கில் வராது.

லைஃப் டைம் கார்ட் வைத்திருப்பவர்கள் அதன் பின்பக்கத்தைப் படம் எடுத்துக் கொமன்டில் போடுங்கள். கடைப் பெயரையும் போன் நம்பரையும் மறைத்துவிட்டுப் போடுங்கள், யாரையும் மானபங்கப்படுத்துவது நோக்கமில்லை. ஆங்கிலம் விளங்காதவர்களுக்கு ஒவ்வொரு வரியையும் நான் தமிழில் எழுதித் தருகிறேன். இன்று மஃரிபுக்குப் பிறகு உட்காருகிறேன்.